வீட்டுப்பாடம் எப்போது வீட்டுக்கு வந்தது?



எங்கள் வீட்டில் தினமும் இரவு ஏழரை மணிக்கு ஒரு போர் தொடங்கும். ஒரு பக்கம் என் சித்தி. மறுபக்கம் நான்காம் வகுப்பு படிக்கும் அவள் மகன். நடுவில் ஒரு கணக்கு நோட்டு. பெரும்பாலும் நோட்டுக்குத்தான் சேதாரம் அதிகம்.

சித்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறார். சித்தி முகப்பேருக்கு வந்து சேர ஏழு மணிக்கு மேல் ஆகிவிடும். வந்ததும் அடுப்பு, அடுப்போடு சேர்த்து ஹோம்வொர்க். போன மாதம் ஒரு நாள் பள்ளியிலிருந்து "பெற்றோர் நேரில் வந்து பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், பையன் மூன்று வாரமாக டைரியில் அவன் அம்மா கையெழுத்தை அவனே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்! சித்திக்கு அரை நாள் சம்பளம் போனது. அவனுக்கு முதுகில் நாலு விழுந்தது.

அன்று ராத்திரி அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டான்: "அக்கா, இந்த ஹோம்வொர்க்கை யாருக்கா கண்டுபுடிச்சது?"

நான் வரலாறு படிக்கிற மாணவி. கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மானம் போய்விடும். தேட ஆரம்பித்தேன். தேடியது கொஞ்சம் நீண்டுவிட்டது. அதுதான் இந்தக் கட்டுரை.

இல்லாத ஒரு வாத்தியார்

இணையத்தில் தேடினால் உடனே ஒரு பெயர் வந்து நிற்கும். இத்தாலியில் வெனிஸ் நகரத்தைச் சேர்ந்த ராபர்ட்டோ நெவிலிஸ் என்ற ஆசிரியர், சரியாகப் படிக்காத மாணவர்களுக்குத் தண்டனையாக வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தாராம். ஒரு பக்கத்தில் அது 1905 என்று இருக்கும், இன்னொரு பக்கத்தில் 1095 என்று இருக்கும். எண்கள் இடம் மாறும்போதே நமக்குச் சந்தேகம் வர வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி உலகம் முழுக்கப் பரவிய கதை இது (நம் வகுப்பில் அசைன்மென்ட் பரவுவது மாதிரி!). 1905-ல் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. 1901-லேயே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சிறு பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அது குழந்தைகளின் உடம்பைக் கெடுக்கிறது, குடும்பத்தின் மாலை நேரத்தைத் திருடுகிறது என்று பெற்றோர்கள் அப்போதே சண்டை போட்டார்கள். அந்தச் சட்டம் 1917-ல் நீக்கப்பட்டது. பிறகு 1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அமெரிக்கர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்.

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம ஊரில் எப்படி?

திண்ணையில் ஒரு பூவின் பெயர்

நம் ஊரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள், பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். கணக்குக்கு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் மனப்பாடம். சும்மா இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடு இல்லை. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80-ல் ஒரு பங்கு. நான்கு காணி ஒரு மா, 20-ல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களை வைத்து நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் தெரிந்தால்தான் படித்தவன். நாம் கால்குலேட்டரைத் தேடுவோம்!

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும், நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்குப் போய் வந்து, வாத்தியார் முன்னாலேயே இருந்தார்கள். படிப்பது, ஒப்பிப்பது, தப்பு விட்டால் அடி வாங்குவது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அதனால் நாம் இன்று சொல்கிற மாதிரியான வீட்டுப்பாடத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

ஆனால் ஒரு சின்ன விஷயம் இருந்தது. தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் (1855-ல் பிறந்தவர்) தன் காலத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்கிறார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது வாத்தியார் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரோ, மிருகத்தின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவாராம். அதை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் சொல்ல வேண்டும். ஞாபகசக்தி வளர்வதற்காக இந்தப் பழக்கம்.

யோசித்துப் பாருங்கள். நோட்டு இல்லை, டைரி இல்லை, கையெழுத்து இல்லை. பிள்ளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது ஒரே ஒரு பூவின் பெயர். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டின் மிக அழகான ஹோம்வொர்க் இதுதான்.

ஆனால் பழசு எல்லாம் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போக முடியாது. மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822-ல் மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-ல் தொகுத்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. அன்றைய மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். மாணவர்களில் பெண் பிள்ளைகள் 5,000 பேர்கூட இல்லை. தலித் பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏற இடமே இல்லை. பூவின் பெயர் எல்லா வீட்டுக்கும் போகவில்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு சுவாரசியம். மதராஸ் பட்டணத்தில் மட்டும் 26,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்று கலெக்டர் எழுதினார். பள்ளிக்குப் போனவர்களைப் போல ஐந்து மடங்கு! மன்றோவுக்கே அந்த எண்ணில் சந்தேகம் இருந்தது, ஏதோ தவறு இருக்கலாம் என்று குறித்தார். இருந்தாலும் வீட்டில் படிப்பவர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதாவது படித்தவர்கள் இருக்கிற வீட்டில் பிள்ளை வீட்டிலேயே படித்துவிடும். மற்ற வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணையும் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது நம் கூடவே வரும்.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

1787-ல் மதராஸ் வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். கொஞ்சம் பெரிய பையன் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் வைத்தார். நம் திண்ணையில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். அது "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. நம்ம எழும்பூர் சரக்கு!

ஆனால் திரும்பி வந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேறு மாதிரி வந்தது. மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடியும் பள்ளி. பாடத்திட்டம், அச்சடித்த புத்தகம், வருடக் கடைசியில் பரீட்சை, நடுவில் இன்ஸ்பெக்டர். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் மாகாணத்தில் பிள்ளைகள் பரீட்சையில் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறையும் இருந்தது. பிள்ளை தோற்றால் வாத்தியாருக்கு வருமானம் குறையும்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. பள்ளி நேரம் குறைந்துவிட்டது, பாடம் கூடிவிட்டது, பரீட்சை தலைக்கு மேல் நிற்கிறது. மீதி வேலை எங்கே போகும்? வீட்டுக்குத்தான். எந்த வாத்தியாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. பள்ளியில் நிரம்பி வழிந்தது வீட்டு வாசலில் வந்து தேங்கியது.

அந்தக் காலத்து வீட்டில் வெளிச்சமே பெரிய பிரச்சனை. மதராஸ் உயர்நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியான டி.முத்துசாமி ஐயர் (1832-1895) சிறு வயதில் தெருவிளக்கின் கீழ் படித்தார் என்று சொல்வார்கள். இந்தக் கதையை நம் எல்லோருக்கும் "அவர் எப்படிப் படிச்சாரு பாரு, உனக்கு ஃபேன் கேட்குது" என்று திட்டுவதற்காகவே சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கதையில் இன்னொரு சேதியும் இருக்கிறது. படிப்பதற்கு வெளிச்சம் வீட்டில் இல்லை, தெருவில்தான் இருந்தது.

ஆயாவின் அரை நாள் பள்ளிக்கூடம்

இதை எழுதும்போது என் ஆயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வயது எண்பது. "நீ எத்தனாவது வரைக்கும் ஆயா படிச்சே?" என்று கேட்டேன்.

"மூணாவது. அப்ப அரை நாள்தான் பள்ளிக்கூடம்னு ஆக்கிட்டாங்க. மத்தியானத்துக்கு மேல மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போவேன். அப்புறம் காலையிலயும் புல்லுக்கே போகச் சொல்லிட்டாங்க."

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. பாடப்புத்தகத்தில் நான் ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்த விஷயம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது!

1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளி இரண்டு ஷிப்ட். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பணமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருக்கிற பள்ளியை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரியாரும் தி.மு.க.வும் போராடினார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் ஆட்சி அதே ஆண்டு திட்டத்தைக் கைவிட்டது.

இதை ஏன் வீட்டுப்பாடக் கட்டுரையில் எழுதுகிறேன் என்றால், ஒரு வகையில் இது தமிழ்நாட்டின் மிகப் பெரிய வீட்டுப்பாடம். "பாதிப் படிப்பை வீடு பார்த்துக்கொள்ளட்டும்" என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் வீடு என்பது எல்லோருக்கும் ஒன்றா? வக்கீல் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். ஆயா வீட்டில் ஒரு அரிவாளும் புல்லுக்கட்டும். திட்டம் ஒரு வருடத்தில் போய்விட்டது. ஆயா திரும்பப் பள்ளிக்குப் போகவே இல்லை.

காமராஜர் அதற்கு நேர் எதிராகச் செய்தார். வீட்டில் இல்லாததைப் பள்ளி கொடுக்கட்டும் என்று 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பள்ளிக்கு முதல் தலைமுறையாகக் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்தார்கள். கூடவே ஹோம்வொர்க்கும் முதல் தடவையாக அந்த வீடுகளுக்குள் நுழைந்தது. கேட்டால் சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் கோனார் நோட்ஸ்தான் படித்த மாமா. அடுத்து தெருவுக்குத் தெரு டியூஷன் வந்தது.

முகப்பேரில் ஒரு மேசை

எங்கள் முகப்பேரின் கதையும் இதில் சேரும். இன்று அபார்ட்மென்ட், சூப்பர் மார்க்கெட் என்று இருக்கிற முகப்பேர், 1980-களில் உலக வங்கிக் கடனில் நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் மனைகளாகப் பிரிக்கப்பட்ட இடம். வீட்டு வசதி வாரியம் சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்போடு சின்னச் சின்ன மனைகள் கொடுக்கும். வீட்டை நாம் கையில் காசு வரவர நாமே கட்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவுக்கு அப்படி ஒரு மனை கிடைத்தது. முதலில் ஒரு அறை, பத்து வருடம் கழித்து இன்னொன்று, பிறகு மாடி. 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து நாங்களும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தோம்.

அப்படி வளர்ந்த வீட்டில் சமையலறை உண்டு, பூஜை அலமாரி உண்டு, டிவி ஸ்டாண்டு உண்டு. படிக்கும் இடம் மட்டும் யார் பிளானிலும் இல்லை. அப்பா தையல் மெஷின் மூடி மேல் வைத்துப் படித்தாராம், நான் கட்டிலில் குப்புறப் படுத்து எழுதினேன், சித்தி பையன் டிவிக்கு முன்னால் எழுதுகிறான். போருக்குக் காரணம் பாதி இங்கேதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைகளின் சுமையைப் பற்றி முதலில் சத்தமாகப் பேசியவர்களில் ஒருவர் நம்ம புரசைவாக்கத்தில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். மாநிலங்களவையில் 1989-ல் தன் முதல் பேச்சில் வேறு எதையும் பேசாமல், முதுகு வளைய மூட்டை தூக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியே பேசினார். அதன்பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து 1993-ல் "சுமையில்லாத கற்றல்" என்று அறிக்கை கொடுத்தது. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்து அறிகிற வேலை மட்டும் போதும் என்றது.

2018 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். பிள்ளைகள் பளு தூக்கும் வீரர்கள் அல்ல என்றும் சொன்னார். 2020-ல் வந்த மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கை நேரத்தையே அளந்து சொன்னது:

1. இரண்டாம் வகுப்பு வரை: வீட்டுப்பாடம் கிடையாது.
2. 3 முதல் 5 வரை: வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.
3. 6 முதல் 8 வரை: நாளுக்கு 1 மணி நேரத்துக்குள்.
4. 9 முதல் 12 வரை: நாளுக்கு 2 மணி நேரத்துக்குள்.

கவனியுங்கள், நான்காம் வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிக்கே அவ்வளவு ஆகிறது!

இதெல்லாம் சும்மா இரக்கத்துக்காகச் சொன்னது இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில்தான் தெளிவாக இருந்தது, சின்ன வகுப்புகளில் மிகக் குறைவாக இருந்தது. அப்படியானால் சின்ன வயதில் நாம் வளர்க்க வேண்டியது பக்கக் கணக்கை அல்ல, பழக்கத்தை.

கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்காகத்தான் 2021 அக்டோபரில் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கியது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், பக்கத்துத் தெருத் தன்னார்வலர், கோயில் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ உட்கார்ந்து படிப்பது. இருநூறு வருடம் சுற்றித் திரும்பத் திண்ணைக்கே வந்து சேர்ந்த மாதிரி இல்லை? இந்தத் தடவை எல்லோருக்கும் இடம் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

நாங்கள் என்ன செய்தோம்?

இவ்வளவு படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? வீட்டில் ஒரு மாநாடு கூட்டினேன். தீர்மானங்கள் இவை:

1. நேரம்: ஏழரை மணி வேண்டாம். அப்போது சித்திக்கும் தெம்பு இல்லை, பையனுக்கும் தெம்பு இல்லை. பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு ஐந்தரைக்கு உட்கார வேண்டும். தினமும் அதே நேரம்.

2. இடம்: மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை, ஒரு விளக்கு. மொத்தம் 600 ரூபாய்க்குள் முடிந்தது. டிவி அங்கிருந்து தெரியாது.

3. கேட்பவர்: ஆயா. "எனக்கு என்னடா தெரியும்" என்றார். தெரியாததுதான் வேண்டும் என்றேன். பையன் அன்று படித்ததை ஆயாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். ஆயாவுக்குப் புரியாவிட்டால் அவனுக்கும் புரியவில்லை என்று அர்த்தம்.

4. உதவி: கணக்கை நாங்கள் போட்டுத் தர மாட்டோம். எங்கே முட்டுகிறது என்று மட்டும் பார்ப்போம். அரை மணி நேரத்தில் முடியாவிட்டால் மூடிவிட்டு, "இதற்கு மேல் வரவில்லை" என்று டைரியில் எழுதிச் சித்தி கையெழுத்துப் போடுவாள். நிஜக் கையெழுத்து.

5. ஒரு பெயர்: காலையில் அவன் கிளம்பும்போது ஆயா ஒரு பூவோ, பறவையோ, ஊரோ சொல்லி அனுப்புவார். சாயங்காலம் அவன் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் படுதோல்வி. ஐந்தரைக்குக் கிரிக்கெட் முடியவில்லை. இரண்டாவது வாரம் ஆயாவே தெருமுனைக்குப் போய் நின்று கூப்பிட்டார். மூன்றாவது வாரத்திலிருந்து பரவாயில்லை. கணக்கு நாளில் இன்னும் சண்டை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். வகுத்தல் என்றால் அவன் முகம் இப்போதும் கோணுகிறது. ஆனால் டைரியில் கள்ளக் கையெழுத்து இல்லை. "வரவில்லை" என்று எழுதி அனுப்பிய இரண்டு தடவையும் அவன் டீச்சர் திட்டவில்லை, திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.

போன வியாழக்கிழமை ஆயா காலையில் "ஆவாரம்பூ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் அவன் வந்து, "ஆயா, இன்னைக்கு என்ன பூ சொல்லு பாக்கலாம்" என்றான். ஆயாவுக்கு மறந்துவிட்டது. யோசித்து யோசித்துப் பார்த்தார்.

"ஆவாரம்பூ ஆயா! ஆவாரம்பூ! இரு, எழுதிக் காட்டறேன்" என்று சிலேட்டில் பெரிதாக எழுதிக் காட்டினான். ஆயா விரலை வைத்து அந்த 'ஆ'வை மட்டும் ஒரு தடவை மேலே எழுதிப் பார்த்தார். 1953-ல் விட்ட பாடம்.

உங்கள் வீட்டில் ஹோம்வொர்க் எங்கே, எத்தனை மணிக்கு, யார் முன்னால் நடக்கிறது? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.